பந்தியில் நடந்தது

ஆடி முடிவதற்குள், குடும்பத்தின் நினைவுகளைச் சேர்த்துவைக்கும் பண்டகத்தைப் பாதியாகச் சுருக்காவிட்டால் பூட்டிவிடுவோம் என்று நினைவுத்துறை சொல்லிவிட்டது. பூட்டிவிட்டால் பழசு எதையும் நினைத்துப் பார்க்க முடியாது. குடும்பத்துக்கு ஒருவர் வந்து பண்டக வடிவமைப்புப் படித்து, தங்கள் நினைவுகளைத் தாங்களே ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு. சண்முகவடிவின் வீட்டில் கணவர் குற்றாலலிங்கம் ஆபீஸைக் காட்டிக் கையை விரித்தார். மகள் செண்பகா கல்யாண வேலை இருக்கிறது என்றாள். கல்யாணமே அவளுக்குத்தான் என்பதால் அவளைக் குறை சொல்ல முடியாது. ஆக, நாற்பத்தெட்டு வயதில் வடிவு மறுபடியும் பள்ளிக்கூடம் போனாள்.

வகுப்பு தென்காசியின் பழைய தபால் நிலையத்தில் நடந்தது. அந்தக் கட்டடத்துக்குத் தபால் வேலை போய் வெகுகாலம் ஆகியிருந்தது. சொல்லிக்கொடுத்த எஸ்தருக்கு இருபத்தாறு வயது. படிக்க வந்தவர்களில் பாதிப்பேர் அவளுடைய அப்பா அம்மா வயதுக்காரர்கள். அதனால் எல்லோரையும் அக்கா, அண்ணாச்சி என்றே கூப்பிட்டாள்.

காதுக்குப் பின்னால் பயறு அளவில் ஒட்டியிருக்கும் செவிமணி இல்லாத ஆள் அப்போது ஊரில் கிடையாது. அது படம் பிடிக்கும் கருவி அல்ல. கண் பார்த்ததையும் காது கேட்டதையும் மூளை எப்படி எடுத்துக்கொண்டதோ அப்படியே பண்டகத்துக்கு அனுப்பும். கோபத்தோடு பார்த்ததைக் கோபத்தோடு, பசியோடு பார்த்ததைப் பசியோடு. வேண்டும்போது நினைத்தால் பண்டகத்திலிருந்து திரும்பி வரும். இந்த வசதி வந்து ஒரு தலைமுறை ஆனதில் மூளை சோம்பேறியாகிவிட்டது. கைபேசி வந்தபின் ஒருவருக்கும் எண்கள் மனப்பாடம் இல்லாமல் போனதே, அதே கதைதான். மணி தராவிட்டால் நேற்றைக்கு முந்தின நாள் என்ன குழம்பு என்றுகூடச் சொல்லத் தெரியாது.

"நடந்ததைத்தான் மணி பதியும். அதை நீங்க அப்புறமா நினைச்சுப் பாக்கிறதைப் பதியாது," என்றாள் எஸ்தர். "அதையும் பதிய ஆரம்பிச்சா பண்டகம் ஒரு வாரம் தாங்காது. இப்பவே ஏன் நிறைஞ்சு கெடக்குன்னு தெரியுமா? ஒரே கல்யாணத்த ஒரு குடும்பத்துல நாப்பது பேரு நாப்பது தடவ சேத்து வச்சிருக்கோம். ஒரு சேதி ஒரு இடத்துலதான் இருக்கணும். ரெண்டு இடத்துல இருந்தா, இது நெசமா அது நெசமான்னு சண்டதான் வரும்."

வடிவு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தச் சண்டை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

செண்பகாவுக்கு ஒரு வயதில் காது குத்தினார்கள். வடிவின் தம்பி ஆவுடையப்பன் அம்பாசமுத்திரத்திலிருந்து தாய்மாமன் சீரோடு வந்து, குழந்தையை மடியில் வைத்து, எல்லாம் முறையாகத்தான் நடந்தது. பந்தியில் அவனும் அத்தான் குற்றாலலிங்கமும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பாதிச் சாப்பாட்டில் ஆவுடையப்பன் இலையை மடித்துவிட்டு எழுந்தான். போனவன் போனவன்தான். "அத்தான் சீரைப் பாத்து இம்புட்டுதானான்னு கேலியா சிரிச்சாவ" என்பது அவன் கட்சி. "நான் சிரிக்கவே இல்ல, நல்ல காரியத்துல சோத்த ஒதறிட்டுப் போயிட்டான்" என்பது இவர் கட்சி. அன்றிலிருந்து இரண்டு பேரும் பேச்சில்லை. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. இருவருடைய மணியும் அவரவர் சொன்னதையே பதிந்து வைத்திருந்தது. நினைவுத்துறையோ, நல்லது கெட்டதுக்குக் கூடுகிறவர்கள் எல்லாம் ஒரு குடும்பம் என்று பங்காளி, மாமன், மச்சான் அனைவரையும் ஒரே பண்டகத்தில் குடிவைத்திருந்தது. முகம் பார்க்காத இரண்டு பேர் அங்கே மட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள்.

இப்போது செண்பகாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போடாமல் பெண் மேடையேறுவதா? வடிவுக்கு அதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை. போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். "அத்தான் ஒரு வார்த்த சொல்லட்டும், வாரேன்" என்றான் தம்பி. "செய்யாத குத்தத்துக்கு என்னத்தச் சொல்ல?" என்றார் இவர்.

அடுத்த பாடத்தில் எஸ்தர் பலகையில் இரண்டு அட்டவணைகள் வரைந்தாள். ஒன்றுக்கு ஆட்கள் என்று பெயர், இன்னொன்றுக்கு நிகழ்ச்சிகள்.

"ஒரு கல்யாணத்துக்கு நூறு பேரு வருவாங்க. ஒரு ஆளு நூறு கல்யாணத்துக்குப் போவாரு. யாரு எந்தக் கல்யாணத்துக்கு வந்தாங்கங்கிறத எந்த அட்டவணையில எழுதுவீங்க?"

"ஆளுக்கு நேரா எழுதிட வேண்டியதுதான்," என்றார் முன்வரிசை அண்ணாச்சி ஒருவர்.

"நூறு கல்யாணத்துக்கு நூறு கட்டம் போடுவீங்களா, அண்ணாச்சி? போகாதவருக்கு நூறு கட்டமும் சும்மா கெடக்கும்." எஸ்தர் இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது அட்டவணை ஒன்றை வரைந்து, கலந்துகொண்டோர் என்று தலைப்பிட்டாள். "ஒரு வரிக்கு ஒரு ஆளு, ஒரு நிகழ்ச்சி. அவ்வளவுதான். சரி, அவரு முதல் பந்தியில சாப்பிட்டாரா, கடைசிப் பந்தியிலயாங்கிறது எங்க போகும்? அது ஆளோட குணம் இல்ல. கல்யாணத்தோட குணமும் இல்ல. அவரு அங்க வந்ததோட குணம். அதனால இந்த நடு அட்டவணைக்குத்தான் போகும். இப்படி ரெண்டும் சேருற இடத்துலதான் நெறைய விசயம் இருக்கும். எல்லாரும் அதத்தான் கோட்ட விடுவாங்க."

வடிவு வீட்டில் உட்கார்ந்து தன் குடும்பத்துக்கு மூன்று அட்டவணைகள் வரைந்தாள். நிகழ்ச்சிகள் அட்டவணையில் நாள், இடம், நடந்தது என்று மூன்று கட்டங்கள் வைத்தாள். நடந்தது என்ற கட்டத்தில் ஒரே ஒரு நினைவு இருக்கும். கலந்துகொண்ட எல்லோரும் அதையே பார்த்துக்கொள்வார்கள். எந்த நினைவை வைப்பது? யாருடைய பதிவு அதிக நிறைவாக இருக்கிறதோ அதை. ஒருங்கி என்ற இயந்திரம் அதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கிவிடும். பழையதற்கும் இனி நடப்பதற்கும் இதே விதி.

எஸ்தர் அதை வெகுநேரம் பார்த்தாள்.

"யக்கா, நடு அட்டவணையில ஆளு பேரும் நிகழ்ச்சி பேரும் மட்டும்தான் இருக்கு. வேற ஒண்ணும் வேண்டாமா?"

"என்ன வேணும்?"

"யாரு எப்படிப் பாத்தாங்கங்கிறது."

"ஒரு பந்தியில ஒண்ணுதான் டீச்சர் நடந்திருக்க முடியும். பத்தா நடக்கும்?"

எஸ்தர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. பண்டகம் பாதியல்ல, பத்தில் ஒன்றாகச் சுருங்கும் வடிவமைப்பு அது. துறையில் அதற்குப் பாராட்டே கிடைக்கும். ஒன்றை மட்டும் சொல்லிவைத்தாள்: ஒதுக்கிய நினைவுகள் ஐப்பசிவரை பழம்பதிவில் இருக்கும், அதற்குள் மனம் மாறினால் பிரித்துக்கொள்ளலாம். சேர்த்தது மொத்தமாகச் சேர்த்ததால் பிரிப்பதும் மொத்தமாகத்தான். வேண்டியதை மட்டும் பொறுக்கியெடுக்க முடியாது.

பண்டகம் பூட்டிவிடுமே என்ற பயத்தில் குடும்பத்தில் எல்லோரும் விளக்கத்தைப் படிக்காமலே சம்மதம் சொன்னார்கள். ஆடி அமாவாசைக்கு மறுநாள் ஒருங்கி வேலையை முடித்தது.

காதுகுத்து நாளுக்கு ஒருங்கி தேர்ந்தெடுத்தது வடிவின் நினைவை. அவள்தான் சாம்பார் வாளியோடு இலைக்கு இலை போனவள். எல்லா முகத்தையும் பார்த்தவள் அவள் ஒருத்திதான். காலையில் குற்றாலலிங்கம் காபியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"வடிவு, நான் சிரிச்சிருக்கேன்ட்டி. எடது பக்கமா, கோணலா. எனக்கே பாக்கச் சகிக்கல." காபியைக் கீழே வைத்துவிட்டு, "அன்னைக்கு நீ காலையிலேருந்து பட்டினியா?" என்று கேட்டார்.

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"வயிறு அப்படிக் காந்துது. எத்தன பேரு சாப்பிட்டோம், ஒருத்தனும் கேக்கலையே ஒன்னய."

அன்றைக்கே அவர் அம்பாசமுத்திரத்துக்குப் போனில் பேசினார். ஆவுடையப்பனும் அதே வாளியைத் தூக்கிக்கொண்டு, அதே பசியோடு, ஒரு மீசைக்கார இளைஞன், தானேதான், இலையை மடித்துவிட்டுப் போவதைப் பார்த்து முடித்திருந்தான். "என்னய மன்னிச்சிரு மாப்ள" என்றார் இவர். "நீங்க என்னய மன்னிக்கணும் அத்தான்" என்றான் அவன். ஏன் சிரித்தோம் என்று இவருக்குத் தெரியவில்லை. ஏன் எழுந்தோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. காரணம் தெரியாத இரண்டு பேர் சமாதானமாவது எளிதாகத்தான் இருந்தது. வடிவு புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படித்த படிப்பு வீண்போகவில்லை என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

செண்பகாவுக்கும் அந்த நினைவு வந்துசேர்ந்தது. காதுகுத்தின்போது அவளுக்கு மணி கிடையாது. ஆனாலும் கலந்துகொண்டோர் அட்டவணையில் முதல் பெயரே அவளுடையதாயிற்றே! தன் காதைக் குத்திய நாளில் அம்மா எவ்வளவு பசித்திருந்தாள் என்பது அவளுக்கு இப்போது அவளுடைய பசியாகவே தெரிந்தது.

ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் மாலையைப் போட்டுக் கைப்பிடித்து மேடைக்கு அழைத்து வந்ததைப் பார்த்து ஊரே சந்தோஷப்பட்டது. வடிவு சமையல் கட்டுக்கும் மண்டபத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். கெட்டிமேளம் கொட்டும்போதுதான் ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி ஓடிவந்து தூணருகில் நின்றாள். மற்றதை எல்லாம் பிறகு ஆற அமர நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்போதே வைத்துக்கொண்டாள்.

கல்யாண அலுப்பு தீர்ந்து, வீடு கழுவி, பாத்திரங்களை எல்லாம் திருப்பிக் கொடுத்த பிறகு ஒரு மத்தியானம் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடினாள். முகூர்த்தம் வந்தது. அவள் மேடையில் நின்றாள். கையில் மாலை வாசம், தோளில் பட்டுத் துண்டு. பக்கத்தில் செண்பகாவின் கொண்டையும் ஜடைப்பூவும். தாலி ஏறுகிறது. செண்பகா தலையைத் திருப்பி மண்டபத்தைப் பார்க்கிறாள். உதடு ஏதோ சொல்கிறது. பார்த்த திசையில், தூணருகில், நரைத்த ஒரு பெண்பிள்ளை கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நிற்கிறாள்.

அது தான்தான் என்று புரிய வடிவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கல்யாணத்துக்கு ஒருங்கி ஆவுடையப்பனின் நினைவை எடுத்துக்கொண்டிருந்தது. மணமகளை ஒட்டி நின்றவனிடம்தான் நிறைவான பதிவு இருக்கும். அதில் தப்பே இல்லை, அவள் எழுதிய விதிதான்.

மறுபடி மறுபடி பார்த்தாள். எத்தனை முறை பார்த்தாலும் செண்பகாவின் பின்தலைதான் தெரிந்தது. தாலி கழுத்தில் விழுந்த நேரத்தில் மகள் தன்னைப் பார்த்து ஏதோ சொல்லியிருக்கிறாள். அந்த முகம் எப்படி இருந்தது? என்ன சொன்னாள்? செண்பகாவுக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

"எனக்கும் மாமா பாத்ததுதாம்மா தெரியுது. நான் திரும்புறது தெரியுது. என்ன சொன்னேன்னு தெரியல. மேளச் சத்தத்துல கேக்கவும் இல்ல."

வடிவு அழுதாள். தம்பி வரவேண்டும் என்று தவித்துத்தான் இதைச் செய்தாள். அவன் வந்தான், மேடையேறினான், கல்யாணத்தை அவன் கண்ணோடு எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன்மேல் கோபப்படவும் வழியில்லை.

அதற்குப் பிறகுதான் வீட்டில் வேறொன்றும் அவளுக்கு உறைத்தது. சாப்பிட உட்கார்ந்தால் யாரும் கதை பேசுவதில்லை. குற்றாலலிங்கம் எதையாவது ஆரம்பித்தால் அடுத்த வரி அவளுக்குத் தெரிந்திருந்தது. "அப்படி இல்லீங்க" என்று குறுக்கே விழ ஒன்றும் அகப்படவில்லை. சண்டை இல்லாத வீடு, பேச்சும் இல்லாத வீடாக இருந்தது.

எஸ்தரிடம் போய் நின்றாள்.

"நடு அட்டவணையில ஒரு கட்டம் சேக்கணும், டீச்சர். கண்டது அப்படின்னு."

"சேக்கலாம்க்கா. இனிமே நடக்கிறதுக்கு அது நிறையும். நடந்ததுக்கு வேணும்னா, ஐப்பசி முடியுறதுக்குள்ள மொத்தத்தையும் பிரிக்கணும்." எஸ்தர் தயங்கினாள். "பழைய கோவமும் சேந்துதான் வரும். அது உங்களுக்குத் தெரியும்லா? பண்டகத்துல எடத்துக்கும் வழி பாக்கணும்."

இடத்துக்கு வழி இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்தது, தொலைக்காட்சி முன்னால் கிடந்தது, வரிசையில் நின்றது எல்லாவற்றையும் தள்ளினாலே பாதி காலியாகும் என்று வடிவு கணக்குப் பார்த்துவிட்டாள். தம்பிக்குத்தான் வழி தெரியவில்லை. பிரித்தால் அவன் மறுபடி அந்தச் சிரிப்பைப் பார்ப்பான். செண்பகாவின் தலைதீபாவளிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். இருபத்து மூன்று வருஷம் கழித்துக் கிடைத்த தம்பியை, ஒரு பார்வைக்காக மறுபடி தொலைப்பதா? இந்த முறை படிக்காத சம்மதம் வேண்டாம் என்று அவனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் விளக்கினாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் வேறொன்று கேட்டான்.

"யக்கா, அப்பா போனப்ப அவிய கைய நான்தான பிடிச்சிருந்தேன்?"

"ஆமாலே."

"இப்ப நெனச்சா, வாசப்படியில நின்ன பெரியண்ணன் பாத்ததுதான் வருது. நான் கட்டில்ல குனிஞ்சு உக்காந்திருக்கேன், என் முதுகு தெரியுது. அப்பா கைச்சூடு எனக்கு வரமாட்டேங்கு." அவனே முடிவும் சொன்னான். "பிரிச்சிரு. கோவம் வந்தா வரட்டும். அதுவும் என்னுதுதான?"

குற்றாலலிங்கம் ஒரே வாக்கியத்தில் முடித்தார். "நான் ஏன் சிரிச்சேன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்ட்டி."

மற்றவர்களின் சம்மதமும் வந்துசேர்ந்ததும், தீபாவளிக்கு முந்தின வாரம் வடிவு தன் கையாலேயே பிரித்தாள். பிரித்த கையோடு சமையல் கட்டில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். கெட்டிமேளம். தூணின் குளிர்ச்சி. கை ஈரம். தாலி விழுந்ததும் செண்பகா திரும்பினாள். கண் தேடிக் கண்டுபிடித்து நின்றது. மை கொஞ்சம் கலைந்திருந்தது. உதட்டசைவிலேயே கேட்டாள்: "சாப்டியாம்மா?"

வடிவு அப்படியே உட்கார்ந்திருந்தாள். உலை கொதித்து வழிந்தது.

கூடத்தில் குற்றாலலிங்கம் போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். எழுந்து வந்து பார்த்தால் எதிர்முனையில் ஆவுடையப்பன்.

"நான் சிரிக்கவே இல்ல, மாப்ள! முருங்கக்கா நாரு. கடவாப் பல்லுல சிக்கிக்கிட்டு. நாக்க வச்சு நெம்புனேன், வாய் கோணிக்கிட்டு. அம்புட்டுதான்!"

"இத அன்னைக்கே சொல்ல வேண்டியதுதான அத்தான்?"

"நீ கேட்டியா? ஊரு முன்னால சம்பந்தக்காரங்க இருக்கும்போது பல்லக் குத்துனேன்னு நானா வந்து சொல்லவா? செய்யாத குத்தத்துக்கு ஆடியில மன்னிப்பு வேற கேட்டுத் தொலச்சிருக்கேன். அத வாபஸ் வாங்குதேன்!"

"எனக்கு இப்பவும் சிரிச்ச மாதிரிதான் தெரியுது."

"தெரியும், தெரியும். ஒன் கண்ணு அப்படி."

வடிவு தன் நினைவில் தேடிப் பார்த்தாள். அவளுக்கும் அது சிரிப்பாகத்தான் தெரிந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் நார் தென்படவில்லை. எல்லோரையும் விட நிறைவான பதிவு அவளுடையதாக இருந்தும், கடவாய்ப் பல்லுக்குள் அவள் எப்படிப் பார்த்திருக்க முடியும்? இப்போது ஒரே பந்திக்கு நடு அட்டவணையில் மூன்று வரிகள் இருந்தன: கேலி, சிரிப்பு, நார். பேச்சு முருங்கைக்காயை அவ்வளவு முற்றலாக வாங்கிவந்தது யார் என்பதற்குத் தாவியது. வாங்கியவன் ஆவுடையப்பன் என்றார் இவர், இல்லவே இல்லை என்றான் அவன். மிச்சத்தைத் தீபாவளிக்கு வந்து பேசிக்கொள்கிறேன் என்று போனை வைத்தான்.

தீபாவளிக்குச் செண்பகா மாப்பிள்ளையோடு வந்தாள். கூடத்தில் மாமனும் மச்சானும் மாப்பிள்ளையை நடுவராக உட்காரவைத்து நார் வழக்கை நடத்திக்கொண்டிருந்தார்கள். செண்பகா சமையல் கட்டுக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள்.

"எம்மா, இப்ப எனக்கும் ஞாபகம் வந்துட்டு. மேடையில ஒன்னயப் பாத்து, சாப்டியாம்மான்னு கேட்டேன்."

"ஆமா, கேட்ட."

"எனக்கே சிரிப்பா வருது. தாலி கட்டுற நேரத்துல எவளாவது அதக் கேப்பாளா? எதுக்குக் கேட்டேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், ஒண்ணும் பிடிபடல."

வடிவுக்குப் பிடிபட்டது. காதுகுத்து நாளின் பசி அந்த ஆவணியில் மகளின் வயிற்றிலும் இருந்தது. பிரித்தபோது அது மகளிடமிருந்து கிளம்பி, உரியவளிடம் திரும்பி வந்துவிட்டது. கேள்வி மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. இதற்கு எந்த அட்டவணையில் கட்டம் போடுவது என்று எஸ்தர் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

"ஒனக்குப் பசிச்சிருக்கும்ட்டி," என்றாள் வடிவு.

"எனக்கா? நான் நாலு இட்லி தின்னுட்டுத்தானம்மா மேடையேறினேன்," என்றாள் செண்பகா.